கேஸ் குறையவில்லை, ஆனாலும் பில்லில் ஏறுகிறது. உண்மையாய் வேலை செய்தால் பலன் எப்போது?

நாசரேத்துக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இங்கே பல மாதமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 36 வயது. ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத். சிங்கப்பூர் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. எஸ் பாஸ் என்கிற வேலை அனுமதியில் ஏர்கான் சர்வீஸ் வேலை. மனைவியும் மகளும் ஊரில் இருக்கிறார்கள். காலை எட்டு மணிக்கு வேனில் ஏறினால் ஒரு நாளைக்கு ஆறு வீடு, சில நாள் ஏழு வீடு. பெரும்பாலும் வீவக, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடுகள்தான், யீஷூன், செங்காங், அங் மோ கியோ பக்கம்.

தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், அப்போதுதான் என் பிரச்சினை புரியும். ஏர்கானில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்துபோகிற பொருள் அல்ல. வெளியே இருக்கும் கம்ப்ரசருக்கும் அறைக்குள் இருக்கும் யூனிட்டுக்கும் நடுவில் செம்புக் குழாயில் அது சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கேயாவது ஒழுகினால்தான் குறையும். ஒழுகவில்லை என்றால் பத்து வருடம் ஆனாலும் அதே கேஸ்தான். அறை குளிரவில்லை என்று கூப்பிடுகிற வீடுகளில் நான் பார்த்தவரை பெரும்பாலும் அழுக்குதான் காரணம். பில்டர் அடைத்திருக்கும். காயிலில் தூசி அப்பியிருக்கும். உள்ளே உருளுகிற புளோவர் வீலின் ஒவ்வொரு இதழிலும் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருக்கும். அதைக் கழுவினாலே காற்று வந்துவிடும்.

ஆனால் வீட்டுக்காரருக்கு இது தெரியாது. கேஸ் அழுத்தத்தைக் காட்டுகிற மீட்டரை மாட்டி, முள்ளைக் காட்டி, "ஆன்ட்டி, கேஸ் லோ" என்று சொன்னால் நம்பிவிடுவார்கள். கேஸைக் கூட ஊற்றுவதற்கு டாப்-அப் என்று பெயர், எங்கள் கம்பெனியில் அதற்கு 80 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதில் பத்து சதவீதம் எழுதியவருக்குக் கமிஷன். மாதக் கடைசியில் யார் எத்தனை டாப்-அப் எழுதினார்கள் என்று வாட்ஸ்ஆப் குரூப்பில் பட்டியல் வரும். என் பெயர் எப்போதும் கடைசியில் இருக்கும். தேவை இல்லாத இடத்தில் நான் எழுதுவதில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதத்திலிருந்து, பவுல் எழுதிய கொலோசெயர் கடிதம் 3-ஆம் அதிகாரம் வாசித்தார்கள். "எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்." அன்றைக்கே இனி பொய் டாப்-அப் எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். அதுவரை நானும் எழுதியவன்தான்.

இந்த மூன்று வருடத்தில் என்ன ஆயிற்று என்றால், எனக்குப் பின்னால் வந்த பையன் டீம் லீடர் ஆகிவிட்டான். அவனுக்குக் கமிஷன் மட்டும் சில மாதம் நானூறு வெள்ளி தாண்டும். எனக்கு நாற்பது, ஐம்பது. மகள் ஐந்தாம் வகுப்பு. ஸ்கூல் பீஸ் கட்டுகிற மாதத்தில் மனைவி ஒன்றும் கேட்க மாட்டாள், ஆனால் போனில் பேசும்போது குரலிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

போன மாதம் எங்கள் சபையில் சாட்சி நேரம். ஒரு பிரதர் எழுந்து, தான் வேலையில் உண்மையாக இருந்ததால் கர்த்தர் தன்னை உயர்த்தினார், மேனேஜர் ஆக்கினார், புது வீடு கொடுத்தார் என்று சொன்னார். அவர் நல்லவர், பொய் சொல்லவில்லை. எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். ஆனால் எனக்கு அங்கே எழுந்து சொல்ல ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன்.

அப்புறம் இன்னொன்று. இதைத்தான் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால் அங் மோ கியோவில் ஒரு சீனப் பாட்டி வீடு. தனியாக இருக்கிறார். படுக்கையறை யூனிட் குளிரவில்லை. நான்தான் மீட்டரைப் பிடித்திருந்தேன், முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. டீம் லீடர் பையன் என்னைப் பார்க்காமலேயே பாட்டியிடம் "கேஸ் லோ" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. பாட்டி ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து பத்து வெள்ளி நோட்டுகளாக எண்ணிக் கொடுத்தார். எட்டு நோட்டு. சர்வீஸ் ரிப்போர்ட்டில் அவன் பெயரும் இருக்கிறது, என் பெயரும் இருக்கிறது. நான் எழுதவில்லை, அவன்தான் எழுதினான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

என் கேள்வி: அந்த வசனத்தில் சொல்லியிருக்கும் பலன் எப்போது, எப்படி வரும்? உண்மையாய் இருப்பதற்கு இந்த உலகத்தில் ஒன்றுமே இல்லையா? இந்த வேலையில் தொடர்ந்து இருக்கலாமா? மூத்தவர்கள் சொல்லுங்கள்.

---

தெம்பனிஸ் தம்பி எழுதியது:

அண்ணே, மனம் தளராதீங்க. யோசேப்பை நினைத்துப் பாருங்கள். போத்திபார் வீட்டில் உண்மையாக இருந்தார், கடைசியில் எகிப்துக்கே அதிபதி ஆனார். கர்த்தர் உங்களையும் நிச்சயம் உயர்த்துவார். ஜெபிக்கிறேன்.

---

ராத்திரி டியூட்டி எழுதியது:

தம்பி, உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன்.

தெம்பனிஸ் தம்பி அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் யோசேப்பு கதையை இப்படி வேகமாகச் சொன்னால் நடுவில் இருப்பது போய்விடும். போத்திபார் வீட்டில் உண்மையாக இருந்ததற்கு அவருக்குக் கிடைத்தது சிறை. சிறையில் பானபாத்திரக்காரனுக்கு உதவி செய்தார், அவன் வெளியே போய் மறந்துவிட்டான். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் உள்ளேயே இருந்தார். அந்த இரண்டு வருடத்தைப் பற்றி வேதம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. நீங்கள் இப்போது இருப்பது அந்த இரண்டு வருடத்தில் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் இங்கே ஒரு மருத்துவமனையில் உதவித் தாதியாக 31 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் இரவு வேலை. எங்கள் வார்டில் நினைவில்லாமல் படுத்திருக்கும் முதியவர்கள் இருப்பார்கள். அவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம். புரட்டியதும் சார்ட்டில் நேரம் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். புரட்டாவிட்டால் எலும்பு அழுத்துகிற இடத்தில் ரத்தம் ஓடாமல் படுக்கைப் புண் வரும், முக்கியமாகப் பின்பக்கம் முதுகெலும்பு முடிகிற இடத்திலும் குதிகாலிலும்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? அதிகாலை நாலு மணிக்குப் புரட்டினீர்களா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. நோயாளி சொல்ல மாட்டார். குடும்பத்தார் தூங்குகிறார்கள். சார்ட்டில் கையெழுத்து இருந்தால் போதும்.

ஒரு ராத்திரி ஆள் குறைவு. என் இடுப்பு வலி தாங்க முடியவில்லை. 12-ஆம் படுக்கைத் தாத்தாவை நாலு மணிக்குப் புரட்டாமலே நான் கையெழுத்துப் போட்டேன். காலை ஏழு மணிக்கு அடுத்த டியூட்டித் தாதி அவரைக் குளிப்பாட்டும்போது கூப்பிட்டார். பின்பக்கம் ஒரு வெள்ளிக் காசு அளவுக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தால் நல்ல தோல் ஒரு நொடி வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவக்கும். அது வெளுக்கவில்லை. அதுதான் புண்ணின் முதல் அறிகுறி. அந்த இடத்தில் என் விரலை வைத்து அழுத்தியது இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, தம்பி. எபேசியரில் பவுல் "பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்" என்று எழுதியிருக்கிறார் அல்லவா, சின்ன வயதிலிருந்து மனப்பாடமாய்ச் சொன்ன வார்த்தை அது. அன்றைக்குத்தான் அது எனக்குள் இறங்கியது.

சார்ட்டில் பொய் இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். வீட்டுக்குப் போய்விட்டேன். தூக்கம் வரவில்லை. மத்தியானம் திரும்பி வந்து பொறுப்புத் தாதியிடம் சொல்லிவிட்டேன். எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். அந்த வருடம் போனஸ் குறைந்தது. அந்தப் பொறுப்புத் தாதி பல மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தாத்தாவுக்கு அது ஆறிவிட்டது, அதற்கு ஸ்தோத்திரம்.

உங்கள் கேள்விக்கு என்னால் முடிந்த பதில் இது. எனக்கு மேனேஜர் வேலை வரவில்லை, புது வீடும் வரவில்லை. சாட்சி சொல்லச் சொன்னால் நான் சொல்ல வேண்டியது 12-ஆம் படுக்கையைப் பற்றித்தான். நீங்கள் சொல்ல வேண்டியதும் ஒருவேளை அங் மோ கியோ பாட்டியைப் பற்றியதாக இருக்கலாம். கோபப்படாதீர்கள், நீங்கள் கேட்டது பலனைப் பற்றி, ஆனால் பதிவு முழுக்க உங்களை உறுத்துவது அந்த எட்டு நோட்டு.

---

பழைய தமிழாசிரியர் எழுதியது:

சகோதரருக்கு வணக்கம். அந்த அம்மா எழுதியதற்குப் பிறகு நான் சேர்க்க அதிகம் இல்லை. ஆனால் நீங்கள் பாதி வசனத்தைத்தான் எழுதியிருக்கிறீர்கள், மற்ற பாதியில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் முப்பது வருடம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன், ஆகவே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பேசுவேன்.

நம் பழைய மொழிபெயர்ப்பில் அந்த வசனம் "நீங்கள் கர்த்தராகிய கிறிஸ்துவைச் சேவிக்கிறதினாலே, சுதந்தரத்தின் பலனைக் கர்த்தரால் பெறுவீர்களென்று அறிந்து" என்று வருகிறது. இந்தச் "சுதந்தரம்" என்ற சொல்லை இன்றைய பிள்ளைகள் விடுதலை என்று படித்துவிடுகிறார்கள். ஆகஸ்ட் 15 ஞாபகம் வந்துவிடுகிறது. பழைய வேதத் தமிழில் சுதந்தரம் என்றால் தகப்பன் சொத்தில் பிள்ளைக்கு வரும் பங்கு. வாரிசுக்குச் சுதந்தரவாளி என்று பெயர். "சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்" என்பதும் இதே சொல்தான். விடுதலையைச் சொல்ல கலாத்தியரில் சுயாதீனம் என்று வேறு சொல்லைப் போட்டிருக்கிறார்கள். கிரேக்க மூலத்திலும் கொலோசெயரில் இருப்பது "க்ளெரோனோமியா", வாரிசுச் சொத்து.

சரி, இதை யாருக்குப் பவுல் எழுதுகிறார்? 22-ஆம் வசனத்தைப் பாருங்கள். "வேலைக்காரரே" என்று நம் தமிழில் மரியாதையாக இருக்கிறது. மூலத்தில் இருப்பது "தூலோய்", அடிமைகள். சம்பளத்துக்கு வந்தவர்கள் அல்ல, விலைக்கு வாங்கவும் விற்கவும்பட்டவர்கள். ரோமச் சட்டத்தில் அடிமைக்குச் சொந்தமாக ஒன்றும் கிடையாது. அவன் சம்பாதித்ததும் எஜமானுக்குத்தான். அப்படிப்பட்டவன் கொலோசெ பட்டணத்தில் ஒரு வீட்டுக்கூடத்தில் பின்வரிசையில் நின்றுகொண்டு இந்தக் கடிதம் வாசிக்கப்படுவதைக் கேட்கிறான். உனக்குச் சொத்தில் பங்கு உண்டு, கர்த்தரே தருவார் என்று சொல்கிறார்கள். கூலியே இல்லாதவனுக்குக் கூலியைக் கூட்டித் தருவேன் என்று பவுல் சொல்லவில்லை. பிள்ளைக்குத் தருகிறதை உனக்குத் தருவேன் என்கிறார். அதே கடிதம் கொண்டுவந்த இருவரில் ஒருவன் ஒநேசிமு, பிலேமோனின் அடிமை. "உங்களிலொருவனாயிருக்கிற உண்மையும் பிரியமுமுள்ள சகோதரன்" என்று 4-ஆம் அதிகாரத்தில் அவனைப் பெயர் சொல்லி எழுதுகிறார்.

ஆகவே பலன் எப்போது என்று கேட்டீர்கள். பதவி உயர்வையும் வீட்டையும் அந்த வசனம் வாக்குப்பண்ணவில்லை. சபையில் சாட்சி சொன்ன சகோதரருக்குக் கர்த்தர் கொடுத்தது அவருடைய கிருபை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது விதி அல்ல. விதி என்று மேடையில் பேசுவதால்தான் உங்களைப் போன்றவர்கள் பஸ்ஸில் அழுகிறார்கள். இதைப் பற்றி நம் சபைகளில் யாராவது போதகர் கண்டித்துப் பேச வேண்டும் என்று எனக்குப் பல வருடமாக ஆதங்கம்.

இன்னொன்று சொல்லி நிறுத்துகிறேன். சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் தெரிகிற வெள்ளை நிறப் பெரிய கோயில், செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல், அதைக் கட்டியது யார் தெரியுமா? 1856 முதல் 1861 வரை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தண்டனைக் கைதிகள். சுவர்ப்பூச்சுக்கு நம் ஊர் மெட்ராஸ் சுண்ணம். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை எல்லாம் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு, பூசிக் காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். கைதிகளை அப்படி வேலை வாங்கியதை நான் நியாயப்படுத்தவில்லை. அந்தக் கோயிலில் உட்காரப்போவது அவர்கள் அல்ல. அவர்கள் எந்த மனதோடு அந்தச் சுவரைத் தேய்த்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும், கொலோசெயர் 3 யாரிடம் பேசுகிறதோ அந்த மாதிரி ஆட்களின் கை பட்ட இடம் இது என்று நினைத்துக்கொள்வேன்.

---

இரண்டு வேன் எழுதியது:

பிரதர், நான் முதலாளி பக்கத்திலிருந்து பேசுகிறேன். எனக்குச் சின்னக் கம்பெனி, இரண்டு வேன், ஐந்து பேர். உங்கள் லைன்தான், ஏர்கானும் எலெக்ட்ரிக்கலும். ஆகவே நீங்கள் எழுதியதில் ஒரு வரிகூட எனக்குப் புதிதில்லை.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் இதை ஏதோ தொழில் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தேவையில்லாத ரிப்பேரைத் தேவை என்று சொல்லிப் பணம் வாங்குவது சிங்கப்பூரில் 2004-இல் அமலுக்கு வந்த பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற நடைமுறை என்று பட்டியலிலேயே இருக்கிறது. அந்தப் பாட்டியின் குடும்பம் புகார் கொடுத்தால் ரிப்போர்ட்டில் இருக்கும் பெயரைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதில் உங்கள் பெயரும் இருக்கிறது. நான் பயமுறுத்தவில்லை, தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் தொழில். கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகுகிற இடத்தைக் கண்டுபிடிக்காமல் மேலே ஊற்றிவிட்டு வருவது வேலையே அல்ல, இரண்டு மாதத்தில் திரும்பக் கூப்பிடுவார்கள். 2022 அக்டோபருக்குப் பிறகு இங்கே விற்கும் புது வீட்டு யூனிட்டுகளில் பழைய ஆர்410ஏ கேஸ் கிடையாது, பெரும்பாலும் ஆர்32 கேஸ்தான். எந்தக் கேஸாக இருந்தாலும் எவ்வளவு கிராம் போட வேண்டும் என்று கம்ப்ரசர் ஸ்டிக்கரிலேயே இருக்கும். தராசு வைத்து நிறுத்துத்தான் போட வேண்டும். எங்கள் வேன்களில் தராசு இல்லாமல் கேஸ் சிலிண்டர் ஏறாது. மீட்டர் போட்டோ, தராசு போட்டோ இரண்டையும் கஸ்டமருக்கு அனுப்பிவிட்டுத்தான் பில். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகள் சொல்லும்போது எனக்கு இந்தத் தராசுதான் ஞாபகம் வரும்.

இப்போது என் சொந்த விஷயம். ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் டாப்-அப்புக்குக் கமிஷன் கொடுத்தவன். என் ஆட்களிடம் பொய் சொல்லுங்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சபைக்கு ஒழுங்காகப் போவேன், தசமபாகம் கொடுப்பேன், என் கை சுத்தம் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் கணக்குப் பார்க்கும்போது ஒரே புளோக்கில் ஒரே வாரத்தில் ஒன்பது வீட்டில் டாப்-அப் எழுதியிருந்தது. ஒன்பது வீட்டிலும் ஒரே வாரத்தில் குழாய் ஒழுகுமா? அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு ராத்திரி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பையன்களை அப்படிச் செய்ய வைத்தது என் கமிஷன்தான். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்து, மிச்சத்தை நீயே பார்த்துக்கொள் என்று விட்டால் வேறு என்ன செய்வான்? "எஜமான்களே, உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறாரென்று அறிந்து, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள்." ஐயா சொன்ன அதே கடிதம், 4-ஆம் அதிகாரம் முதல் வசனம். வேலைக்காரருக்கு நாலு வசனம் பிரசங்கம் பண்ணுகிறவர்கள் இந்த ஒன்றை ஏனோ வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

கமிஷனை எடுத்துவிட்டு அடிப்படைச் சம்பளத்தை உயர்த்தினேன். அந்த வருடம் நஷ்டம். ஒருவர் விட்டுப் போனார். மூன்றாவது வேனை விற்றேன், அதனால்தான் இந்தப் பெயர். இன்னும் இரண்டில்தான் ஓடுகிறது. திரும்பக் கூப்பிடுகிற வீடுகள் கூடியிருக்கின்றன, அது உண்மை. ஆனால் பெரிய லாபம் வந்தது என்று சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு மூன்று விஷயம் சொல்கிறேன். உங்கள் பெயர் வரும் ரிப்போர்ட்டில் நீங்கள் பார்த்த அளவை நீங்களே எழுதுங்கள், கையெழுத்தைச் சும்மா கொடுக்காதீர்கள். கமிஷன் எவ்வளவு என்பது சம்பளச் சீட்டில் தனியாக வர வேண்டும், இல்லை என்றால் கேளுங்கள். அது உங்கள் உரிமை, கேட்பது விசுவாசக் குறைவு அல்ல. எஸ் பாஸ் என்பதால் வேறு கம்பெனி உங்களுக்குப் புதிதாக விண்ணப்பம் போட முடியும். கையில் அனுமதி வரும்வரை இங்கே ராஜினாமா கொடுத்துவிடாதீர்கள். என்னிடம் இப்போது இடம் இல்லை, இருந்தால் முதலில் உங்களுக்குத்தான் எழுதியிருப்பேன்.

---

தெம்பனிஸ் தம்பி எழுதியது:

அக்கா, ஐயா, அண்ணே, மூவருக்கும் நன்றி. நான் யோசேப்பு பற்றி எழுதியது அவசரம்தான். நான் கிடங்கில் ஸ்டாக் எண்ணுகிற வேலை. எண்ணாமலே போன மாத எண்ணைத் திரும்பப் போடுவது எங்கள் இடத்தில் சாதாரணம். நாளைக்குக் காலையில் நான் எண்ணப் போகிறேன்.

---

நாசரேத்துக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன். அக்கா எழுதியதை வாசித்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். நான் மூன்று வருடமாகப் பட்ட கஷ்டத்தைப் பேச வந்தால் இவர் எட்டு நோட்டைப் பேசுகிறாரே என்று இருந்தது. ஆனால் அன்றைக்கு ராத்திரி அவர் எழுதிய அந்த வெளுக்காத தோல் என் கண்ணிலேயே நின்றது.

முதலில் வேனில் அந்தப் பையனிடம் பேசினேன். இனிமேல் நான் மீட்டர் பிடித்தால் நான்தான் அளவை எழுதுவேன், நீ வேறு எழுதினால் என் பெயரை அடித்துவிடுவேன் என்றேன். சத்தம் போடவில்லை. அவன் கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினான். அப்புறம், "அண்ணே, எனக்கு ஊர்ல கடன் ஏழு லட்சம், ஏஜெண்டுக்குக் கொடுத்தது" என்றான். அவனை நான் இத்தனை நாள் மனதுக்குள் கள்ளன் என்று வைத்திருந்தேன். அவன் அப்பாவுக்குக் கிட்னி பிரச்சினை என்பதுகூட எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒன்றாகப் பதினான்கு மாதம் ஒரே வேனில் போயிருக்கிறோம்.

அப்புறம் போன ஞாயிறு ஆராதனை முடிந்து அங் மோ கியோவுக்குப் போனேன். 80 வெள்ளி எடுத்துக்கொண்டு போனேன். அதில் எனக்குக் கமிஷன் வரவில்லை, ஆனால் பாட்டி கொடுத்தது எண்பது. கதவைத் திறந்தது பாட்டி இல்லை, அவருடைய மகள். இரும்புக் கேட்டைத் திறக்காமலே என்ன என்று கேட்டார். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு சரளமாக வராது. கேஸ் சரியாகத்தான் இருந்தது, நாங்கள் தப்பாகச் சொல்லிவிட்டோம், இது உங்கள் அம்மா பணம் என்று எப்படியோ சொல்லிமுடித்தேன். பணத்தைக் கேட் கம்பிக்குள் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு எண்ணிப் பார்த்தார். நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது, ஏனென்றால் அடுத்து நடந்தது என்னை அப்படியே உலுக்கிவிட்டது. தனியாக இருக்கும் வயதானவரை ஏமாற்றியிருக்கிறீர்கள், உங்கள் கம்பெனியில் புகார் கொடுக்கப்போகிறேன் என்று சத்தம் போட்டார். என் பெயரைக் கேட்டுப் போனில் எழுதிக்கொண்டார். சொன்னேன். பின்னால் பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்து, யார் என்று தெரியாமல் கையை அசைத்தார்.

அவர் சத்தம் போட்டதில் தப்பே இல்லை. என் அம்மாவுக்கு ஊரில் யாராவது இப்படிச் செய்திருந்தால் நானும் அப்படித்தான் கத்தியிருப்பேன்.

படுக்கையறை யூனிட் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அன்றைக்கு நாங்கள் புளோவர் வீலைச் சரியாகக் கழுவவே இல்லை, டாப்-அப் எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டோம். இன்னும் குளிரவில்லை என்றார். நான் வேண்டுமானால் கழுவித் தருகிறேன், காசு வேண்டாம் என்றேன். வேண்டாம், நீ போ என்றார். வந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போன் பண்ணி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண்பது வெள்ளியா என்று மட்டும் கேட்டாள். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம், மகள் பக்கத்தில் இருக்கிறாள், அவளிடமும் சொல்லுங்கள் என்று போனைக் கொடுத்துவிட்டாள். சொன்னேன். அவள் கேட்டது, "அந்தப் பாட்டிக்கு இப்ப வேர்க்குமாப்பா?"

புகார் கம்பெனிக்கு வந்துவிட்டது. நாளைக்குக் காலை ஒன்பதரைக்குப் பாஸ் என்னையும் அந்தப் பையனையும் ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறார். நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் எழுதியிருக்கிறேன் என்பதையும் சேர்த்துத்தான். பையனைக் காட்டிக்கொடுத்து நான் தப்பிக்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் பயம். எங்கள் இருவருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். அவன் இந்து, ஆனால் எனக்காகவும் ஜெபிக்கச் சொல்லுங்கள் அண்ணே என்று அவனே கேட்டான்.

---

ராத்திரி டியூட்டி எழுதியது:

ஒன்பதரைக்கு ஜெபத்தில் இருப்பேன், தம்பி. அந்தப் பையனுக்கு அம்மா, அப்பா வைத்த பெயர் என்ன? பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டும். இங்கே போட வேண்டாம், எனக்குத் தனியாக அனுப்புங்கள்.